எதிர் வீட்டு விளக்கு நம் படுக்கையறைக்குள் வரலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



இன்று நான் பேசப் போவது விளக்கைப் பற்றி. வீட்டு வாசலில், மாடிச் சுவரில், பின்பக்கச் சந்தில் நாம் மாட்டி வைக்கும் சாதாரண மின்விளக்கைப் பற்றி. “நாட்டில் பேசுவதற்கு வேறு விஷயமே இல்லையா?” என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஷா ஆலத்தில் ஒரு தாயாரைச் சந்திக்கும் வரை.

அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. மகன் வாங்கிய இரட்டை மாடி வரிசை வீட்டில் இருக்கிறார். எதிர் வீட்டில் ஒரு நாள் பகலிலேயே திருடன் புகுந்துவிட்டான். மறு வாரமே அந்த வீட்டுக்காரர் மாடிச் சுவரில் பெரிய ஸ்பாட் லைட் ஒன்றை மாட்டினார். இரவு ஏழு மணிக்கு எரியத் தொடங்கினால் விடியற்காலை ஏழு மணிக்குத்தான் அணையும். அதன் முகம் நேராக இந்த அம்மாவின் படுக்கையறைச் சன்னலைப் பார்க்கிறது. திரை போட்டார், திரைக்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டார், காற்று வராமல் புழுங்கியது. கடைசியில் கீழே சமையலறைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்துவிட்டார். “அந்த அங்கிள் நல்ல மனுஷன்தான் தம்பி. பாவம், பயந்து போய் மாட்டியிருக்கிறார். போய்க் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை” என்றார்.

இதில் யார் தவறு செய்தவர், சொல்லுங்கள்? ஒருவருக்குத் திருட்டுப் பயம், இன்னொருவருக்குத் தூக்கம் இல்லை. இரண்டும் நியாயமான கவலைகள். இப்படி இரண்டு நியாயங்கள் மோதும் இடத்தில்தான் ஊராட்சி மன்றம் என்று ஒன்று நமக்குத் தேவைப்படுகிறது. அந்த மன்றத்திற்கு இதில் என்ன அதிகாரம் இருக்கிறது, எங்கே அதன் கை கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இருட்டு இருந்த ஊர்

இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட தோட்டப் பகுதி. ரப்பரும் செம்பனையும் விளைந்த மண். 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி மாநகரானது. செக்‌ஷன் 7இல் மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. அதே செக்‌ஷன் 7இல்தான் வண்ண வண்ண எல்இடி விளக்கு மரங்களுக்குப் பெயர் பெற்ற ஐ-சிட்டியும் இருக்கிறது. தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் குறிப்பிட்ட நேரத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அப்படி இருட்டில் உறங்கிப் பழகிய தலைமுறைதான் இன்று திரைக்கு மேல் போர்வையைத் தொங்கவிடுகிறது.

விளக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இப்போது மட்டும் ஏன் இது சிக்கலானது? காரணம் மின்கட்டணம்தான். பழைய 500 வாட் ஹாலோஜன் விளக்கை இரவு முழுக்க, பன்னிரண்டு மணி நேரம் எரிய விட்டால் மாதத்திற்கு 180 யூனிட் மின்சாரம் போய்விடும். பில்லைப் பார்த்த மறு மாதமே அணைத்துவிடுவோம். இன்றைய 50 வாட் எல்இடி விளக்கு அதே நேரம் எரிந்தால் 18 யூனிட்தான். யாரும் அணைப்பதில்லை. வெளிச்சமோ குறைவில்லை. நம் வீட்டில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமன் வெளிச்சம் தந்தது. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் அளவு. 50 வாட் எல்இடி 4,000 முதல் 5,000 லூமன் வரை தருகிறது. ஆறேழு குண்டு பல்புகளை ஒன்றாகக் கட்டி எதிர் வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தது போல!

நம் வரிசை வீடுகளின் அமைப்பையும் பாருங்கள். பொதுவாக நடுவே 40 அடிச் சாலை. இரு பக்கமும் கார் நிறுத்த ஏறத்தாழ 20 அடி. ஆக, ஒரு வீட்டுச் சுவருக்கும் எதிர் வீட்டுச் சுவருக்கும் இடையே 80 அடி, அதாவது 24 மீட்டர். அந்த 50 வாட் விளக்கு நேரே திரும்பியிருந்தால், எதிர்ச் சன்னலில் ஏறத்தாழ மூன்று லக்ஸ் வெளிச்சம் விழும் என்பது நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு. லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு. முழுநிலவின் ஒளி 0.3 லக்ஸைத் தாண்டாது. மூன்று லக்ஸ் என்றால் பத்து நிலவு சன்னலில் நிற்கிறது என்று அர்த்தம். பின்பக்கச் சந்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இரண்டு வீடுகளுக்கு இடையே பாதித் தூரம்தான் இருக்கும். தூரம் பாதியானால் வெளிச்சம் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள், நான்கு மடங்காகும்.

“கண்ணை மூடினால் தெரியவா போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. உடம்புக்குத் தெரிகிறது. இருட்டில்தான் நம் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனை நன்றாகச் சுரக்கிறது. உறங்கும் நேரம் இது என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். 2022இல் அமெரிக்காவில் 20 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஓர் இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்கு இரவில் இதயத் துடிப்பு கூடியது, மறுநாள் காலை இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. 100 லக்ஸ் என்பது அறை விளக்கைப் போட்டபடி தூங்குவது. எதிர் வீட்டு விளக்கு அவ்வளவு இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதானவர்களுக்கு முகத்தில் அடிக்கும் கூசும் ஒளி ஒன்றே போதும், தூக்கம் கலைய.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நம் கட்டடத் துணைச் சட்டங்கள் சன்னலைப் பற்றிப் பேசுகின்றன. அறையின் தரைப்பரப்பில் குறைந்தது பத்து விழுக்காடு அளவுக்கு இயற்கை வெளிச்சம் வர வழி வேண்டும் என்று சொல்கின்றன. பகலில் எவ்வளவு வெளிச்சம் வர வேண்டும் என்று அளந்து சொன்ன சட்டம், இரவில் அதே சன்னல் வழியாக எவ்வளவு வெளிச்சம் வரக்கூடாது என்று சொல்லவில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் காற்றுக்கு, நீருக்கு, மண்ணுக்கு, ஓசைக்கு என்று தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஒளிக்கென்று பிரிவு இல்லை. வீட்டைப் பெரிதாக்கினால் மன்றத்தில் பிளான் கொடுக்க வேண்டும். விளம்பரப் பலகை வைக்க லைசென்ஸ் வேண்டும். வீட்டுச் சுவரில் ஒரு ஸ்பாட் லைட் மாட்ட யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் மன்றத்திற்கு அதிகாரமே இல்லையா? இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், சட்டம் 171, இதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ‘தொல்லை’ என்பதற்கு விளக்கம் இருக்கிறது. மலாயில் ‘கச்சாவ் கங்கு’ என்பார்கள். பார்க்கும் புலனுக்கோ, முகரும் புலனுக்கோ, கேட்கும் புலனுக்கோ ஊறும் எரிச்சலும் விளைவிக்கின்ற, விளைவிக்கக்கூடிய எந்தச் செயலும் எந்தப் பொருளும் தொல்லையே என்கிறது அந்த விளக்கம். கவனித்தீர்களா? முதலில் வருவதே பார்க்கும் புலன். கண்ணைக் கூசவைக்கும் விளக்கை இந்தச் சொற்களுக்குள் கொண்டுவர எந்த வக்கீலும் தடுமாற வேண்டியதில்லை. தொல்லை இருப்பதாகத் தகவல் கிடைத்து, மன்றம் அதை உறுதிசெய்துகொண்டால் தொல்லை கொடுப்பவருக்கு அறிவிப்புக் கொடுக்கலாம் என்கிறது 82ஆவது பிரிவு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போகலாம்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு. 80ஆவது பிரிவு மன்றத்தின் கடமையைச் சொல்லும்போது, ‘பொதுத் தன்மை கொண்ட’ தொல்லைகளை அகற்ற வேண்டும் என்று சொல்கிறது. ஒரு வீட்டு விளக்கு ஒரே ஒரு சன்னலில் விழுந்தால் அது பொதுத் தொல்லையா, இரண்டு பேர் சண்டையா? “இது உங்கள் இருவர் விவகாரம், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்று அதிகாரி சொல்ல இடம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சாக்கடை, புதர், வளர்ப்புப் பிராணி, குவிந்து கிடக்கும் குப்பை என்று பலவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அந்தச் சட்டம் விளக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எத்தனை லக்ஸ் தாண்டினால் தொல்லை என்ற அளவுகோலும் அதில் இல்லை. சோதனைக்கு வரும் அதிகாரி எதை வைத்து அளப்பார்? அவர் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போனால் இன்னும் விசேஷம்!

தனியார் வழக்கு என்ற பாதை எப்போதும் திறந்தே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழியே ஆங்கிலேயரின் பொதுச்சட்டக் கோட்பாடுகள் நமக்கும் வந்து சேர்ந்தன. அவற்றில் அண்டை வீட்டார் தொல்லைக்கு நிவாரணம் உண்டு. நியாயமான ஒரு மனிதருக்கு இது பொறுக்க முடியாத இடைஞ்சலா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆனால் ஒரு விளக்குக்காக வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் பத்து வீட்டுக்குக் கனத்த திரைச்சீலை வாங்கிவிடலாம். அதனால்தான் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன? நாம் சட்டத்தைக் கடன் வாங்கிய இங்கிலாந்திலேயே இந்த முடிச்சு இருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம், ஒரு வளாகத்திலிருந்து வெளிப்படும் செயற்கை ஒளியையும் சட்டப்படியான தொல்லைப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். 2006 ஏப்ரல் முதல் அது நடப்புக்கு வந்தது. விமான நிலையம், துறைமுகம், சிறைச்சாலை போன்றவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். வீடுகளுக்கு விலக்கு இல்லை. சிங்கப்பூர் 2015இல் அண்டை அயலார் சச்சரவுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைத்தது. அளவுக்கு மீறிய சத்தம், நாற்றம், புகை என்று அதன் சட்டம் அடுக்கிக்கொண்டு போகும்போது, ‘ஒளி’யும் அந்த வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. அளவுகோலும் உலகில் இல்லாமல் இல்லை. அனைத்துலக ஒளி ஆணையத்தின் வழிகாட்டி, புறநகர்க் குடியிருப்புகளில் நள்ளிரவை ஒட்டிய அமைதி நேரத்திற்குப் பிறகு சன்னலில் விழும் ஒளி இரண்டு லக்ஸைத் தாண்டக்கூடாது என்கிறது. அதற்கு முந்திய நேரத்தில் பத்து லக்ஸ் வரை விடுகிறது. நான் சொன்ன எதிர் வீட்டு விளக்கு மூன்று லக்ஸ். மாலையில் அது குற்றமில்லை, நடுநிசியில் குற்றம். நியாயமாகத்தானே இருக்கிறது?

இதே போன்ற ஒரு துணைச் சட்டத்தை ஷா ஆலம் மாநகர் மன்றம் இயற்ற முடியுமா? முடியும் என்பதுதான் என் கருத்து. சட்டம் 171இன் 102ஆவது பிரிவு, குடிமக்களின் நலம், பாதுகாப்பு, நல்வாழ்வு ஆகியவற்றுக்காகத் துணைச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மன்றத்துக்கு அளிக்கிறது. மாநில அரசு உறுதிப்படுத்தி, அரசிதழில் வந்தால் அது சட்டம். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க வழி செய்யலாம். புதிய வீடமைப்புத் திட்டங்களுக்குத் திட்ட அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனையாகவும் சேர்க்கலாம். ஆனால் பழைய செக்‌ஷன்களில் ஏற்கெனவே நிற்கும் வீடுகளை அந்த நிபந்தனை எட்டாது. அவற்றுக்குத் துணைச் சட்டம்தான் வேண்டும்.

சிலாங்கூருக்கு இந்தச் சிந்தனை புதிதும் இல்லை. கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாகக் கண்சிமிட்டுவதைப் படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள். கேமரா ஃபிளாஷ் போடாதே என்று படகோட்டி அதட்டுவார். மின்மினி தன் துணையைத் தேடுவது ஒளியால், அந்நிய வெளிச்சம் அதைக் குழப்பிவிடும். 2010இல் மின்மினிகளைக் காப்பதற்கான அனைத்துலகப் பிரகடனம் ஒன்று இந்த மாநிலத்தின் பெயரிலேயே, ‘சிலாங்கூர் பிரகடனம்’ என்று வெளிவந்தது. மின்மினிக்கு இருட்டு வேண்டும் என்று உலகுக்குச் சொன்ன மாநிலத்தில், அந்த அம்மாவின் படுக்கையறைக்கும் கொஞ்சம் இருட்டு கேட்கலாம் அல்லவா?

திருடனுக்கு என்ன பதில்?

“சார், உங்கள் வீட்டில் திருடன் வந்தால் தெரியும்” என்று யாராவது என்னைக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெளிச்சத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் அரசாங்க அடுக்குமாடிகளில் தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன என்றது. ஆனால் 2015இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 ஊராட்சிப் பகுதிகளில் தெருவிளக்கைக் குறைத்தும் மங்கலாக்கியும் பார்த்த ஆய்வில், குற்றமோ விபத்தோ கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை. இரண்டுமே பொதுவிடத்து விளக்குகளைப் பற்றிய ஆய்வுகள். எதிர் வீட்டுச் சன்னலில் அடிக்கும் விளக்கு திருடனைத் தடுக்கும் என்று இரண்டுமே சொல்லவில்லை.

நீங்களே இன்றிரவு சோதித்துப் பாருங்கள். உங்கள் ஸ்பாட் லைட்டைப் போட்டுவிட்டுச் சாலைக்குப் போய், உங்கள் வீட்டைத் திரும்பிப் பாருங்கள். கண் கூசுகிறதா? கூசினால், காருக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. கூசும் விளக்கு, திருடனுக்கு நிழலைத்தான் கொடுக்கிறது. விளக்கின் முகத்தைத் தரையைப் பார்த்து இறக்குங்கள். மேலே ஒரு தகட்டு மறைப்பு வையுங்கள். உங்கள் கேட்டும் கார் நிற்கும் இடமும் வெளிச்சமாக இருக்கும், எதிர்ச் சன்னல் இருட்டாக இருக்கும். ஆள் நடமாடினால் மட்டும் எரியும் சென்சார் வைத்தது இன்னும் நல்லது. திடீரென்று எரியும் விளக்கு வீட்டுக்காரரையும் எழுப்பும். பெட்டியில் 6500 என்று போட்ட நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். 3000 என்று போட்ட மஞ்சள் கலந்தது வாங்குங்கள். அமெரிக்க மருத்துவச் சங்கமே 2016இல் தெருவிளக்குகளுக்கு 3000 அல்லது அதற்குக் குறைவானதைத்தான் பரிந்துரைத்தது.

தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தொங்கவிடும் சரவிளக்கை நான் இதில் சேர்க்கவில்லை. சில வாரம் எரிந்து அணையும் விளக்குக்குச் சட்டம் பேசினால் அண்டை வீட்டு முறுக்கு நமக்கு வராது.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்வது? முதலில் நேரில் பேசுங்கள். அதுவும் இரவில், விளக்கு எரியும்போது. எதிர் வீட்டுக்காரரை அழைத்து வந்து உங்கள் படுக்கையறையில் ஒரு நிமிடம் நிற்க வையுங்கள். தன் விளக்கு அங்கே எப்படி விழுகிறது என்பதைப் பெரும்பாலோர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் மகன் போய்க் கூப்பிட, அந்த அங்கிள் வந்து பார்த்துவிட்டு, “ஐயோ, இப்படியா அடிக்கிறது!” என்று மறுநாளே ஏணி போட்டு விளக்கைக் கீழே திருப்பிவிட்டார். எல்லோருக்கும் அப்படி ஓர் அங்கிள் வாய்ப்பதில்லை. பேச்சு முறிந்தால் ருக்குன் தெத்தாங்காவை நாடுங்கள். 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டப்படி அவர்கள் சமூக நடுவர்களாக இருந்து பேசித் தீர்க்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் போக வேண்டியது நிர்வாகக் குழுவிடம். அங்கே ஸ்ட்ராட்டா சட்டத்தின் கீழுள்ள துணை விதிகள் அண்டை வீட்டாருக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கின்றன. உங்கள் பகுதி கவுன்சிலரையும் பாருங்கள். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் அல்லர், நியமிக்கப்பட்டவர். ஆனாலும் மன்றக் கூட்டத்தில் பேசும் வாய் அவருடையதுதான்.

மன்றத்துக்குப் புகார்க் கடிதம் எழுதுவதாக இருந்தால் தலைப்பில் கவனம் வையுங்கள். ‘லம்பு’ என்று மட்டும் எழுதினால் அது தெருவிளக்குப் பழுது பார்க்கும் பிரிவுக்குப் போய்விட வாய்ப்புண்டு. ‘கச்சாவ் கங்கு’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டு, சட்டம் 171, பிரிவு 2, பிரிவு 82 என்று குறிப்பிடுங்கள். எந்த அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை அடி தூரம், எந்தத் தேதியில் நேரில் பேசினீர்கள் என்று எழுதுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளிருந்து எடுத்த படம் ஒன்றை இணையுங்கள். அதே விளக்கு மற்ற வீடுகளையும் பாதிக்கிறதென்றால் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்கிச் சேருங்கள். ‘பொதுத் தன்மை’ என்ற முடிச்சை அவிழ்க்க அதுதான் வழி. சோதனைக்கு அதிகாரி இரவு எட்டு மணிக்குப் பிறகு வர வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். முகப்பில் கொடுக்கும்போது நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.